முட்டுக் கொடுத்த பிறகே கைவைப்போம்

வாசகர் கேள்வி – பதில்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை நிலையங்களில் 31 ஆண்டுகள் தீயணைப்பு வீரராகவும் நிலைய அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்றவர் இந்த இதழில் பதில் எழுதுகிறார். புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்குச் சாலை விபத்து மீட்புப் பயிற்சியை இப்போதும் சொல்லித்தருகிறார்.

தேவிபட்டினம் வாசகர்: ஐயா, மூன்று வாரம் முன்பு எங்கள் ஊருக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கார் புளியமரத்தில் மோதிச் சாய்ந்து நின்றது. ஓட்டி வந்தவர் உள்ளே சிக்கிக்கொண்டு கத்தினார். நாங்கள் பத்துப் பேர் இழுக்கப் போனோம். அதற்குள் தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் எங்களைத் தடுத்தார்கள். அவர்களும் இழுக்கவில்லை. காரைச் சுற்றி வந்தார்கள், அடியில் கட்டையைச் செருகினார்கள், கண்ணாடியில் எதையோ ஒட்டினார்கள். ஆளை வெளியே எடுக்க அரைமணி நேரம் ஆனது. ஊரே கொதித்துப்போனது. ஏன் இந்தத் தாமதம்?

தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு மனிதர் கத்தும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க யாருக்கு மனம் வரும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இழுத்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990களின் தொடக்கம். தொண்டிச் சாலையில் இரவு ஒரு மணி இருக்கும். கரி மூட்டை ஏற்றி ஓரமாக நின்ற லாரியின் பின்னால் ஓர் அம்பாசடர் போய்ச் சொருகியிருந்தது. அப்போது எங்கள் வண்டியில் இருந்தவை கடப்பாறை, கோடாரி, கயிறு, ஒரு ஜாக்கி, அவ்வளவுதான். கதவில் கயிற்றைக் கட்டி வண்டியால் இழுத்துப் பிய்த்தோம். கார் ஆடியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உள்ளே இருந்தவர் அலறினார். பிறகு அக்குளில் கைகொடுத்து நாலு பேர் இழுத்தோம். ஆறேழு நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டோம். கூடியிருந்தவர்கள் எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அவர் வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதுகெலும்பு மோதியபோதே முறிந்ததா, நாங்கள் இழுத்தபோது முறிந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் மனைவி எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். அதை வாங்கிய கைதான் அவரை இழுத்த கை. இன்றுவரை அந்த நினைப்பு என்னை விடவில்லை.

நீங்கள் பார்த்த காட்சிக்கு வருகிறேன். வந்தவுடன் இரண்டு பேர் சுற்றி வந்திருப்பார்கள். ஒருவர் காரை ஒட்டியபடி, இன்னொருவர் கொஞ்சம் தள்ளி எதிர்த் திசையில். பெட்ரோல் ஒழுகுகிறதா, மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, வேறு யாராவது தூக்கி எறியப்பட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கான சுற்று அது. ஒருமுறை எல்லாரும் காரையே பார்த்துக்கொண்டிருக்க, தள்ளிச் சுற்றிய எங்கள் ஆள்தான் சீமைக்கருவேலம் புதருக்குள் கிடந்த ஒரு சிறுவனைக் கண்டுபிடித்தார். அவன் சத்தமே போடவில்லை. கத்துகிறவரிடம் ஊரே ஓடும். சத்தம் போட முடியாதவரைத் தேடிப் போக ஓர் ஆள் வேண்டும்.

அடுத்தது கட்டை. அதுதான் முட்டு. மோதி நின்ற கார் தன் ஸ்பிரிங்கின் மேல்தான் நிற்கிறது. ஒருவர் கதவில் சாய்ந்தால்கூட ஆடும். அந்த ஆட்டம் முழுவதும் உள்ளே இருப்பவரின் கழுத்துக்கும் உடைந்த எலும்புக்கும் போய்ச் சேரும். படிக்கட்டு போல அடுக்கிய கட்டைகளை நாலு பக்கமும் கொடுத்து, ஆப்பு வைத்து இறுக்கி, டயரில் காற்றை இறக்கிக் காரைக் கட்டையின் மேல் உட்கார வைக்கிறோம். அதன் பிறகு அது பாறை மாதிரி அசையாமல் கிடக்கும்.

பாடத்தில் படித்ததை எனக்கு உறைக்கச் செய்தவர் மண்டபத்தில் ஓர் ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சர். கரையேற்றிய வள்ளத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு முட்டு வைத்ததும் எதிர்ப்பக்கம் போய் அடுத்ததை வைப்பார். ஒரே பக்கமாக இரண்டு வைக்க மாட்டார். ஒவ்வொன்றையும் காலால் தட்டிச் சத்தம் கேட்பார். மணலில் கட்டை புதையும் என்று அடியில் அகலப் பலகை போட்டிருந்தார். தனுஷ்கோடிச் சாலையில் மணலில் கவிழ்ந்து கிடக்கும் வண்டிகளுக்கு நாங்கள் இன்றும் அப்படித்தான் பலகை போட்டு முட்டுக் கொடுக்கிறோம். கட்டையில் ஒரு விஷயம் உண்டு. வயிரம் பாய்ந்த கட்டைதான் நல்லது என்று எல்லாரும் நினைப்பார்கள். எங்களுக்கு மென்மரம்தான் வேண்டும். வயிரக்கட்டை பாரம் தாங்காவிட்டால் படீரென்று பிளந்துவிடும். மென்மரம் முதலில் நொறுநொறுவென்று முனகும். அந்தச் சத்தம் கேட்டுக் கையை எடுத்துத் தப்பித்தவர்கள் உண்டு.

கண்ணாடியில் ஒட்டியது டேப். பக்கக் கண்ணாடி உடைந்தால் கல்கண்டு மாதிரி பொலபொலவென்று உள்ளே இருப்பவர் மேல் கொட்டும். டேப் அதைப் பிடித்து வைக்கும். முன்கண்ணாடி அப்படி உதிராது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கிறது, அதை ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இதற்கிடையில் ஒருவர் பானெட்டைத் திறந்து பேட்டரியில் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றியிருப்பார். இன்னொருவர் எந்த வழியாகவாவது உள்ளே நுழைந்து, சிக்கியவரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார். இதெல்லாம் ஆன பிறகுதான் வெட்டுகிற வேலை. ஆளை வண்டியிலிருந்து பிடுங்குவதில்லை. ஆளைச் சுற்றியிருக்கிற வண்டியை ஒவ்வொரு துண்டாகப் பிரித்து எடுக்கிறோம்.

வண்டி தீப்பிடித்துவிட்டது, தண்ணீரில் மூழ்குகிறது, அல்லது அவருக்கு மூச்சு இல்லை என்றால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. உடனே இழுக்க வேண்டியதுதான். உயிர் இருந்தால்தானே முதுகெலும்பைப் பற்றிப் பேச முடியும். உங்கள் ஊரில் அந்த மூன்றும் இல்லை. மரத்தில் சாய்ந்து நின்ற காரிலிருந்து அரைமணியில் எடுத்தது நல்ல வேலை, தம்பி. ஊராரிடம் சொல்லுங்கள்.

சாயல்குடி கல்லூரி மாணவர்: சார், தீயணைப்பு வீரர்களுக்கு இந்தப் பயிற்சியை எப்படித் தருகிறீர்கள்? உடைப்பதற்குக் கார் எங்கே கிடைக்கிறது?

பழைய இரும்புக் கடையில்தான். எடைக்குப் போட வைத்திருக்கும் காரை ஒரு நாள் எங்களுக்கு விடுவார்கள். நாங்கள் பிரித்துக் கொடுத்தால் அவர்களுக்கும் வேலை மிச்சம்.

முதல் நாள் எந்தக் கருவியையும் நான் கையில் கொடுக்க மாட்டேன். புதிதாக வந்த தம்பியை அந்தக் காருக்குள் உட்கார வைத்து, கழுத்தில் பட்டை மாட்டி, தலைக்கு மேல் தார்ப்பாயை மூடிவிடுவேன். வெளியே மற்றவர்கள் முட்டுக் கொடுப்பார்கள், கட்டை அடிப்பார்கள், மோட்டாரை ஓட விடுவார்கள், கண்ணாடியை உடைப்பார்கள். யாரும் அவனிடம் பேசக்கூடாது என்று சொல்லி வைத்திருப்பேன். கால் மணி நேரம். இருட்டில் ஒவ்வொரு சத்தமும் தன் தலைக்கே வருகிற மாதிரி இருக்கும். வெளியே வரும்போது சட்டை நனைந்திருக்கும். ஒரு தம்பி இறங்கியதும் என்னைப் பார்த்து, "யாராவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே சார்" என்றான். அன்றைக்கு நான் சொல்லிக்கொடுக்க நினைத்தது அந்த ஒன்றுதான். அதை அவனே சொல்லிவிட்டான். மறுநாள் அவன் கட்டரைப் பிடித்தபோது, "அண்ணே, இப்போ ஒரு சத்தம் வரும், பயப்படாதீங்க" என்று உள்ளே இருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் வெட்டினான்.

கருவிகளைச் சொல்கிறேன். கட்டர், ஸ்ப்ரெடர், ராம் என்று மூன்று. கட்டர் நண்டுக் கொடுக்கு மாதிரி வெட்டும். ஸ்ப்ரெடர் அலகை விரித்து இடுக்கைப் பிளக்கும். ராம் நீண்டு தள்ளும். மூன்றும் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்பவை. ஏறத்தாழ 700 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல்தான், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 1960களில் அமெரிக்காவில் பந்தயக் கார்களில் சிக்கிய ஓட்டுநர்களை எடுப்பதற்காக ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் உருவாக்கிய கருவியின் வழிவந்தவை இவை.

கருவிக்கு இவ்வளவு பலம் என்றால் அதைப் பிடிக்கும் கை எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும்! அதற்கு ஒரு பயிற்சி. கோழி முட்டை ஒன்றை மணல் மேல் வைத்து, ஸ்ப்ரெடரின் இரண்டு அலகு நுனியால் அதைக் கவ்வி எடுத்து, மூன்றடி தள்ளி ஒரு கிண்ணத்தில் வைக்க வேண்டும். கருவி 20 கிலோ பக்கம் இருக்கும். கை நடுங்கும். முதல் நாளில் ஒரு டஜன் முட்டை மணலில் வழிந்துவிடும். ஒரு வாரத்தில் கட்டை விரல் பழகிவிடும். கைப்பிடியை எவ்வளவு திருப்பினால் அலகு எவ்வளவு நகரும் என்று கண்ணை மூடிச் சொல்வார்கள். முட்டையை உடைக்காதவனைத்தான் ஒருவரின் முழங்காலுக்கு அருகில் ஸ்ப்ரெடரை வைக்க அனுமதிப்பேன்.

அப்புறம் ஏர்பேக். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் ஓட்டுநருக்காவது அது கட்டாயம் இருக்கும். மோதியபோது விரியாமல் போன ஏர்பேக், நாம் வெட்டிக்கொண்டிருக்கும்போது வெடித்து விரியலாம். பேட்டரியைக் கழற்றினாலும் உள்ளே சில நிமிடம் மின்சாரம் தங்கியிருக்கும். அதனால் தலையையோ கையையோ கருவியையோ அதன் எதிரில் வைக்கக்கூடாது. பக்கவாட்டு ஏர்பேக்கிலிருந்து 5 அங்குலம், ஸ்டியரிங்கிலிருந்து 10, பயணி பக்க டேஷ்போர்டிலிருந்து 20. ஐந்து, பத்து, இருபது. ரூபாய் நோட்டு வரிசை என்று சொல்லிக்கொடுத்தால் யாரும் மறப்பதில்லை. கூரை ஓரத்தில் விரியும் திரை ஏர்பேக்குகளுக்கு உள்ளே எரிவாயு அடைத்த சின்னச் சிலிண்டர் உண்டு. தெரியாமல் அதன் மேல் கட்டரை வைத்தால் குண்டுதான். ஆகவே வெட்டுவதற்கு முன் உள்பக்கத்துப் பிளாஸ்டிக் உறையை உரித்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். உரி, பார், பிறகு வெட்டு. இதை ஒரு நாளைக்கு நூறு முறை கத்துவேன்.

நம் கடற்கரைக்கென்று ஒரு பாடம் தனியாக இருக்கிறது. உப்புக் காற்றில் கார் உள்ளிருந்து அரிக்கும். கதவுக்குக் கீழே ஓடும் தகடு வெளியே பெயிண்டோடு பளபளவென்று இருக்கும், உள்ளே துருவாகிப் பொடிந்திருக்கும். டேஷ்போர்டைக் காலிலிருந்து விலக்க ராமை அந்தத் தகட்டில் ஊன்றித்தான் தள்ளுவோம். இங்கே அப்படி ஊன்றினால் டேஷ்போர்டு நகராது, ராம் தகட்டைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். பயிற்சிக்கு எடுத்த பழைய கார் ஒன்றில் அது நடந்தபோது, நிஜமான விபத்தில் நடக்காமல் போனதே என்று நன்றியோடு நின்றேன். அன்றிலிருந்து, ஊன்றும் இடத்துக்குக் கீழே முதலில் முட்டு, மேலே ஓர் இரும்புத் தட்டு, அதன் பிறகே ராம். நம் கருவிகளுக்கும் அதே உப்புக் காற்றுதான். வாரம் ஒருமுறை இணைப்புகளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட விட்டுப் பார்க்காவிட்டால் தேவைப்படும் இரவில் இறுகிப்போய் நிற்கும்.

பயிற்சியை நேரில் பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அந்த நாளை வைத்திருக்கிறார்கள். அந்த வாரம் நிலையங்களில் செய்து காட்டுவார்கள். நண்பர்களோடு போங்கள்.

கீழக்கரை வாசகி: விபத்து என்றால் 108ஐ அழைப்பதா, 101ஐ அழைப்பதா?

அம்மா, ஆள் வெளியே இருந்தால் 108 போதும். உள்ளே சிக்கியிருந்தால் இரண்டும் வேண்டும். 112ஐ அழைத்தாலும் சரிதான். எந்த எண்ணாக இருந்தாலும் "விபத்து" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். "ஆள் உள்ளே சிக்கியிருக்கிறார், கதவு திறக்கவில்லை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் கட்டர் உள்ள வண்டி கிளம்பும். இடம் சொல்லும்போது பக்கத்து ஊர், கிலோமீட்டர் கல், சாலையின் கடல் பக்கமா எதிர்ப்பக்கமா என்று சொல்லுங்கள். பாம்பன் பாலத்தின் மேல் என்றால் மண்டபம் முனைக்கு அருகிலா பாம்பன் முனைக்கு அருகிலா என்பது மிக முக்கியம். பாலம் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், போக ஒன்று வர ஒன்று என்று இரண்டே வழித்தடம். நடுவில் ஒரு வண்டி குறுக்கே நின்றால் எந்தப் பக்கமிருந்து போவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடலையும் புது ரயில் பாலத்தையும் பார்க்கப் பாலத்தின் மேல் காரை நிறுத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நீங்கள் நிற்கும் அந்த அகலம்தான் எங்கள் வழி.

தங்கச்சிமடம் வாசகி: என் வீட்டுக்காரர் குட்டியானையில் மீன் ஏற்றிக்கொண்டு இரவில் மதுரைக்கு ஓட்டுகிறார். எனக்குத் தூக்கமே வருவதில்லை. அந்த வண்டிக்கு முன்னால் மூக்கே இல்லையே, மோதினால் என்ன ஆகும்? தீயணைப்பு வண்டி வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

தாயி, உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வண்டியில் ஓட்டுநரின் முழங்காலுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே ஒரு தகடும் கொஞ்சம் இடைவெளியும்தான். மோதினால் முகப்பு உள்ளே வந்து காலைப் பிடித்துக்கொள்ளும். நான் பார்த்த மீன் வண்டி விபத்துகளில் பெரும்பாலும் காலில்தான் சிக்கல். அவரிடம் இரண்டு சொல்லுங்கள். பெல்ட் போடச் சொல்லுங்கள், பக்கத்து ஊருக்குப் போனாலும். கண் சொக்கினால் பரமக்குடியிலோ மானாமதுரையிலோ ஓரமாக நிறுத்தி அரைமணி தூங்கச் சொல்லுங்கள். ஐஸ் உருகுமே என்பார். உருகட்டும்.

அடுத்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கு. முதலில் சாலையை மறியுங்கள். இரவென்றால் வண்டிகளின் விளக்கைப் போட்டு, நூறு மீட்டர் முன்னாலேயே இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துங்கள். உதவ வந்தவர் அடுத்த வண்டியில் அடிபடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை அணையுங்கள். பீடி, சிகரெட் யாரும் பற்றவைக்கக் கூடாது. ஒருவர் மட்டும் உள்ளே சிக்கியவரின் எதிரில் நின்று பேசுங்கள். பின்னால் நின்று கூப்பிட்டால் அவர் கழுத்தைத் திருப்புவார். இடம் இருந்தால் தலையை இரண்டு கையால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ரத்தம் வழிகிற இடத்தில் துண்டை மடித்து அழுத்துங்கள். உடம்பில் ஏதாவது குத்தியிருந்தால் உருவாதீர்கள். குடிக்கத் தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். கேட்பார், கெஞ்சுவார். உதட்டை நனைத்தால் போதும். அவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம், வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாயில் ஏறினால் ஆபத்து.

காலைப் பற்றி ஒன்று. நெடுநேரம் நசுங்கிக் கிடந்த காலைச் சட்டென்று விடுவித்தால், செத்துப்போன தசையில் தேங்கிய பொட்டாசியமும் கழிவும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்திவிடலாம். அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் வெளியே எடுத்ததும் துவண்டுபோவது இதனால்தான். அதனால்தான் 108இல் வருகிறவர் கையில் சலைன் ஏற்றும்வரை நாங்கள் ராமைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். வெளியே நிற்பவர்களுக்கு நாங்கள் சும்மா நிற்பது போலத் தெரியும்.

ராமேஸ்வரம் ஆட்டோ ஓட்டுநர்: பேட்டரி ஆட்டோவும் பேட்டரி காரும் பெருகிவிட்டன. அதில் விபத்து என்றால் தொடலாமா?

தொடலாம் தம்பி. உடைந்து வெளியே தொங்கும் ஆரஞ்சு நிற ஒயரை மட்டும் தொடாதீர்கள். உயர் அழுத்த மின்சாரம் போகும் ஒயருக்கு அந்த நிறம் கொடுத்திருக்கிறார்கள். நாங்களும் அதை வெட்ட மாட்டோம். பேட்டரியிலிருந்து வெள்ளைப் புகையும் சீறும் சத்தமும் வந்தால் ஆளை எடுத்துக்கொண்டு காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஓடுங்கள், அந்தப் புகை நஞ்சு. இந்தத் தீ அணைந்த மாதிரி இருந்து மறுபடி பிடிக்கும். நெடுநேரம் தண்ணீர் அடித்துக் குளிரவைக்க வேண்டும்.

தொண்டி வாசகர்: மழைக்காலத்தில் சாலை ஓரத்து ஊருணியில் கார் கவிழ்ந்துவிட்டால்?

கதவைத் திறக்கப் போராடாதீர்கள். வெளியே தண்ணீர் அழுத்தும், யானை தள்ளினாலும் திறக்காது. கார் விழுந்தவுடன் மூழ்குவதில்லை, கொஞ்ச நேரம் மிதக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, குழந்தைகளை முதலில் ஜன்னல் வழியாக வெளியே தள்ளி, நீங்கள் பின்னால் போக வேண்டும். பவர் விண்டோ முதலில் சில நொடிகளாவது வேலை செய்யும். போனை எடுக்காதீர்கள், கரையேறியபின் பேசிக்கொள்ளலாம். கண்ணாடி இறங்காவிட்டால் சீட்டின் தலைச்சாய்ப்பை உருவி அதன் கம்பியால் பக்கக் கண்ணாடியின் மூலையில் குத்துங்கள். முன்கண்ணாடியில் நேரத்தை வீணாக்காதீர்கள். எதுவும் முடியவில்லை என்றால், உள்ளே தண்ணீர் கழுத்துக்கு மேல் ஏறி அழுத்தம் சமமான பிறகு கதவு திறக்கும். ஆனால் அதுவரை காத்திருப்பது கடைசி வழி.

ஏர்வாடி வாசகர்: உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்று எங்கள் அத்தா தடுக்கிறார்.

உங்கள் அத்தா காலத்தில் அப்படி இருந்தது உண்மை. இப்போது இல்லை. உதவுகிறவர்களைக் காக்கும் நெறிமுறைகளை 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவையே சேர்த்துவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்று சொல்வார்களோ என்ற பயமும் வேண்டாம். நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி. அத்தாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

சாயல்குடி வாசகி: ஐயா, நான் கேள்வி கேட்கத் தெரியாதவள். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்பும்போது எங்கள் வேன் கவிழ்ந்தது. நான் சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டேன். ஒரு தீயணைப்புக்காரர் ஊர்ந்து உள்ளே வந்து, என் மேல் ஒரு கனமான போர்வையைப் போட்டு, தானும் அதற்குள்ளேயே இருந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார். பேசிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் பெயர் கேட்டார். மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்றார். கட்டுச் சோற்றுப் புளியோதரை என்றேன். புளிக்காய்ச்சலுக்கு வெந்தயம் எப்போது போடுவீர்கள் என்று கேட்டார். வலியில் அவர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஏன் அதெல்லாம் கேட்டார்?

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

அவர் உங்கள் நினைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பெயரைச் சரியாகச் சொல்கிறீர்களா, சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது, வார்த்தை குழறுகிறதா, மூச்சு நடுவில் அறுகிறதா என்று ஒவ்வொரு பதிலிலும் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். "ஆமாம்", "இல்லை" என்று பதில் வரும் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று நாங்கள் சொல்லிக்கொடுப்போம். தலையை ஆட்டிவிடுவார்கள், கழுத்து அசையும். சமையல், தறி, வலை, வயல் என்று அவரவர் கைவேலையைக் கேட்டால் வரிசையாக யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கும். யோசித்துச் சொல்கிற விதத்திலிருந்து நினைவு மங்குகிறதா என்று கண்காணிக்க முடியும். நீங்கள் எரிந்து விழுந்தபோது அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். கோபப்படுகிறவருக்கு நினைவு இருக்கிறது.

போர்வை, வெட்டும்போது தெறிக்கும் கண்ணாடியும் தகடும் உங்கள் மேல் விழாமல் இருக்க. அதற்குள் அவரும் இருந்தது, உங்களை இருட்டில் தனியே விடக் கூடாது என்பதற்காக. தலையைப் பிடித்த கையை வேறொருவர் வந்து வாங்கும் வரை எடுக்கக்கூடாது. அரைமணி அப்படிப் பிடித்தால் தோள்பட்டை மரத்துப்போகும், விரல் இருக்கிறதா என்றே தெரியாது. நான் பிடித்திருக்கிறேன். வெளியே ஏற்றி அனுப்பிய பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று பெரும்பாலும் எங்களுக்குத் தெரிவதில்லை. ஆம்புலன்ஸ் ஒரு பக்கம் போகும், நாங்கள் கருவியைத் துடைத்து ஏற்றிக்கொண்டு இன்னொரு பக்கம் போவோம். பிழைத்தார்களா என்று விசாரிக்கத் துணியாத இரவுகள் எனக்கு நிறைய இருந்திருக்கின்றன.

அதனால் ஒன்று செய்யுங்கள் அம்மா. விபத்து நடந்த நாளையும் இடத்தையும் எழுதி, அந்தப் பகுதி தீயணைப்பு நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். அன்றைக்கு யார் யார் போனார்கள் என்பது பதிவேட்டில் இருக்கும், அவர் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நடக்கிறேன், சமைக்கிறேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். புளிக்காய்ச்சலுக்கு வெந்தயம் எப்போது போடுவீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அதைப் படித்ததும் அவருக்கு நீங்கள் யார் என்று தெரிந்துவிடும்.